பழைய கணினியில் லினக்ஸ் மின்ட்: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்போ, அது ஏற்றுக்கொள்ளும் தலைமுறை பிராசசரோ இல்லாத கணினிகள் இன்று பரண்மேல் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நல்ல கணினிகள். 64 பிட் பிராசசரும் 4 ஜிபி ரேமும் இருந்தால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் தாராளமாக ஓடும். 2024 ஜூலையில் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு மேம்படுத்தல்கள் கிடைக்கும். பழைய கணினி என்றால் மூன்று பதிப்புகளில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையே எடுங்கள், அதுதான் எடை குறைந்தது.

வழியில் ஏதாவது ஒரு கோளாறு வரும். வந்தவுடன் எல்லாவற்றையும் அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்வது பலருடைய வழக்கம். நான் அதைக் கடைசி வழியாகத்தான் வைப்பேன். கோளாறு வன்பொருளில் இருந்தால் எத்தனை முறை இன்ஸ்டால் செய்தாலும் அது அப்படியே இருக்கும், உங்கள் கோப்புகள் மட்டும் போயிருக்கும்.

அதனால் முதல் சோதனை எப்போதும் ஒன்றுதான். மின்ட் எழுதிய பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, இன்ஸ்டால் செய்யாமல் சிறிது நேரம் பயன்படுத்திப் பாருங்கள். லைவ் முறையில் அது ஹார்ட் டிஸ்கைத் தொடாது. அதே கோளாறு அங்கேயும் வந்தால் வன்பொருளையோ, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரையோ சந்தேகிக்கலாம். லைவில் எல்லாம் சுகமாக இருந்தால், டிஸ்கிலோ அதில் உள்ள இன்ஸ்டலேஷனிலோதான் சிக்கல். கீழே உள்ள பல கோளாறுகளுக்கு இந்தக் கேள்வியே பாதி விடை.

ஸ்விட்ச் போட்டும் ஒன்றுமே நடக்கவில்லை

லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிகிற பேட்டரியானால் அதையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்த பிறகு சார்ஜரை மட்டும் செருகித் தொடங்குங்கள். பல லேப்டாப்கள் இதிலேயே எழுந்துவிடும். கழற்றும்போது பேட்டரி உப்பியிருப்பதைப் பார்த்தாலோ, டச்பேடு மேலே எழும்பியிருந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பேட்டரியைக் குத்தக் கூடாது, அழுத்தக் கூடாது, மறுபடி சார்ஜ் போடவும் கூடாது.

டெஸ்க்டாப் என்றால் பின்பக்கத்தில், கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் சின்ன ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சோதனைக்கு வேறொரு எஸ்எம்பிஎஸ்-ஐ இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் நேரான வழி. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

விசிறி சுற்றுகிறது, திரை வரவில்லை

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் மதர்போர்டின் துளையில் செருகினால் பெரும்பாலும் படம் வராது. அது சரி என்றால் அடுத்தது ரேம். வருடக்கணக்கில் சும்மா கிடந்த கணினியில் ரேமின் தங்கநிறக் கால்களில் படிந்த அழுக்கே பல நேரம் காரணமாக இருக்கும். மின் இணைப்பை முழுவதும் எடுத்துவிட்டு, ரேமைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். வேலை செய்யும், ஆனால் மெதுவாகத் தேய்க்க வேண்டும், துகளை ஊதித் தள்ளிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றொன்றை, பிறகு இடத்தை மாற்றி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது குற்றவாளி என்று தெரியும்.

மதர்போர்டில் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ, அது சாலிடரிங் தெரிந்தவர் கையில் போக வேண்டிய பலகை.

பென்டிரைவ் தெரியவில்லை, அல்லது பாதியில் நின்றுவிடுகிறது

எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் பூட் பட்டியலைத் திறக்கும் விசை கணினிக்குக் கணினி மாறும். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, அசூஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸ், அதாவது கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருளின் அமைப்புக்குள் போய் அந்தப் பட்டியலை முதலில் இயக்க வேண்டும்.

விசை சரியாக இருந்தும் பென்டிரைவ் பட்டியலில் வரவில்லை என்றால், எழுதிய விதத்தைப் பாருங்கள். புதிய வடிவமான யூஇஎஃப்ஐ இல்லாமல் பழைய பயாஸ் மட்டுமே உள்ள கணினிக்கு, பென்டிரைவில் எழுத உதவும் ரூஃபஸ் மென்பொருளில் டிஸ்க் அமைப்பு முறையை ஜிபிடி என்று தேர்ந்தெடுத்து எழுதினால் அது தொடங்காது. எம்பிஆர் என்று மாற்றி எழுதுங்கள். மின்ட் இணையதளத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை வெறுமனே பென்டிரைவுக்குள் காப்பி செய்து வைத்திருந்தால் அதுவும் தொடங்காது. வென்டாய் மென்பொருளை முதலில் ஏற்றிய பென்டிரைவில் மட்டும்தான் அப்படிக் காப்பி செய்யலாம்.

தொடங்கிப் பாதியில் நின்றால், இறக்கிய கோப்பு சேதமாகியிருக்கலாம். மின்ட் இணையதளம் ஒவ்வொரு ஐஎஸ்ஓ கோப்புக்கும், கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் எஸ்ஹெச்ஏ 256 எண் கொடுக்கிறது. உங்களிடம் உள்ள கோப்பின் எண்ணோடு அதை ஒப்பிட்டுப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். கோப்பு சரியாக இருந்தும் நின்றால் வேறு பென்டிரைவில் எழுதிப் பாருங்கள். 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே அதில் பாதிகூட இல்லாத போலி பென்டிரைவ்கள் சந்தையில் நிறைய. எஃப்3 என்ற இலவசக் கருவி முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும்.

லோகோ வந்த பிறகு கருந்திரை

இது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர், குறிப்பாக என்விடியா கார்டுகளில். பென்டிரைவின் தொடக்கப் பட்டியலில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். இன்ஸ்டால் முடிந்ததும் டிரைவர் மேனேஜரைத் திறந்து, அது பரிந்துரைக்கும் டிரைவரைப் போட்டு மறுதொடக்கம் செய்தால் முடிந்தது. கம்பாட்டிபிலிட்டி முறையிலேயே நிரந்தரமாக இருந்துவிடாதீர்கள், வீடியோ எல்லாம் திணறும்.

இன்ஸ்டாலருக்கு ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை

பயாஸில் டிஸ்க் கட்டுப்பாடு 'ரெய்டு' அல்லது 'இன்டெல் ஆர்எஸ்டி' என்று இருந்தால் இப்படி நடக்கும். அதை ஏஹெச்சிஐ என்று மாற்றினால் டிஸ்க் தோன்றிவிடும். ஆனால் அதே டிஸ்கில் விண்டோஸையும் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள், விண்டோஸ் தொடங்காமல் போகும். முதலில் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை உள்ளே போய் வந்தால் அது புதிய அமைப்புக்குப் பழகிக்கொள்ளும்.

நேரம் தப்பாகக் காட்டுகிறது

எவ்வளவு தப்பு என்று முதலில் கணக்குப் பாருங்கள், காரணம் அந்த எண்ணிலேயே இருக்கிறது.

சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி நின்றால் கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. இந்தியாவும் இலங்கையும் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்ததும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையின் 'செட்-லோக்கல்-ஆர்டிசி' அமைப்புக்கு 1 என்று கொடுத்தால் (timedatectl set-local-rtc 1), லினக்ஸும் அந்தக் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவே எடுத்துக்கொள்ளும். சண்டை தீர்ந்துவிடும்.

தேதியே பல வருடம் பின்னால் போயிருந்தால் அது வேறு கதை. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் எஃப்1 அழுத்தச் சொல்வது, பயாஸ் அமைப்புகள் தானாக மாறிவிடுவது எல்லாம் இதன் கூட்டாளிகள்தான். பிரவுசர் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பான இணைப்பு இல்லை' என்று எச்சரித்தால் அதற்கும் காரணம் பல நேரம் இதுவே. இணையதளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. கணினி தன்னைப் பழைய வருடத்தில் இருப்பதாக நினைத்தால், அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. கடிகாரக் கடையில் கிடைக்கும் ஒரு சின்னப் பேட்டரிக்குத் தீரும் இந்தக் கோளாறுக்காக வைரஸ் என்றும் நெட்வொர்க் என்றும் பலர் அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

வைஃபை பட்டியலே வரவில்லை

லேப்டாப்பின் ஓரத்தில் வைஃபைக்குத் தனி ஸ்விட்ச் இருக்கிறதா, ஏரோப்ளேன் விசை அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிரைவர் பிரச்சினை. பிராட்காம் சிப் உள்ள பழைய லேப்டாப்களில் இது அடிக்கடி வரும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு எளிய வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, போன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸ் அதை உடனே கம்பி இணைப்பாக ஏற்றுக்கொள்ளும். அதன் பிறகு டிரைவர் மேனேஜர் பார்த்துக்கொள்ளும்.

எல்லாமே மெதுவாக இருக்கிறது

இதில்தான் மக்கள் வீணாகப் பணம் செலவழிக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

மெதுவாக இருக்கும் நேரத்திலேயே சிஸ்டம் மானிட்டரைத் திறந்து பாருங்கள். ரேம் நிரம்பி, அதற்கு மாற்றாக டிஸ்கில் ஒதுக்கிய ஸ்வாப் ஏறிக்கொண்டே போனால் ரேம் பற்றாக்குறை. 4 ஜிபியில் மின்ட் சுகமாக இருக்கும், இருபது டேப் திறந்த பிரவுசர் இருக்காது. ரேமும் பிராசசரும் சும்மா இருக்க, டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிந்தால் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கே தடை. அதை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். பழைய கணினிக்குச் செய்யும் செலவுகளில் இதற்கு இணையான பலன் வேறெதிலும் கிடைக்காது. ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், கூட யாரும் வேண்டாம்.

ஆனால் முன்பு வேகமாக இருந்து இப்போது மெதுவாகியிருந்தால், வாங்குவதற்கு முன் 'டிஸ்க்ஸ்' மென்பொருளைத் திறந்து அந்த டிஸ்க் தன் ஆரோக்கியம் பற்றித் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். நீண்ட பட்டியலில் மூன்று வரிகள் முக்கியம். 'ரீஅலோகேட்டட் செக்டார்' என்பது கெட்டுப்போனதால் டிஸ்க் ஒதுக்கிவைத்த இடங்களின் எண்ணிக்கை. 'கரன்ட் பெண்டிங் செக்டார்' என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள். இந்த இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். அவை ஏறிக்கொண்டிருந்தால் வேறு எதையும் செய்யாமல், லைவ் பென்டிரைவில் தொடங்கி, கோப்புகளை வெளி டிஸ்குக்கு உடனே எடுத்துவிடுங்கள். சாகிற டிஸ்கில் மறு இன்ஸ்டால் செய்தால் மிச்சமிருப்பதும் போகும்.

மூன்றாவது வரி 'யூடிஎம்ஏ சிஆர்சி எரர்'. இது ஏறினால் டிஸ்கின் மேல் பழி போடாதீர்கள். டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் தகவல் சிதைகிறது என்று அர்த்தம், அதாவது பெரும்பாலும் சாட்டா கேபிள். கேபிளை மாற்றிய பிறகும் எண் பழையபடியே காட்டும், அது திரும்பிக் குறையாது. மேலே ஏறாமல் நின்றுவிட்டதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அணைகிறது, அல்லது உறைகிறது

வீடியோ பார்க்கும்போதும் விளையாடும்போதும் மட்டும் அணைந்தால் சூடு. பிராசசர் எல்லையைத் தொட்டதும் முதலில் தானே வேகத்தைக் குறைக்கும், அதற்கும் மேலே போனால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். பல லேப்டாப் பிராசசர்களுக்கு அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது. நம் ஊர் வெயிலிலும் தூசியிலும் விசிறிக்கும் வெப்பத் தகடுக்கும் நடுவே தூசி கம்பளம் மாதிரி படிந்துவிடும். திறந்து, பிரஷ்ஷால் எடுத்து, காற்றால் ஊதுங்கள். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கட்டுக்கடங்காத வேகத்தில் சுற்றி பேரிங் கெடும். தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தால் சுரண்டித் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு சின்னத் துளி வையுங்கள். அதிகம் பூசினால் அதிகம் குளிராது.

எந்த ஒழுங்கும் இல்லாமல், ஒரு நாள் பிரவுசர் மூடிக்கொள்கிறது, மறுநாள் இன்ஸ்டால் பாதியில் பிழை காட்டுகிறது, இன்னொரு நாள் கணினியே உறைகிறது என்றால் ரேமைச் சந்தேகியுங்கள். மெம்டெஸ்ட்86+ என்ற கட்டற்ற மென்பொருளை ஒரு பென்டிரைவில் எழுதி, இரவு முழுக்க ஓடவிடுங்கள். 2022-ல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து அது புதிய யூஇஎஃப்ஐ கணினிகளிலும் ஓடுகிறது. காலையில் ஒரே ஒரு பிழை காட்டியிருந்தாலும் அந்த ரேமை நம்ப முடியாது. கால்களைத் துடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டு மறுபடி சோதித்து, கெட்டதைக் கண்டுபிடியுங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு டெஸ்க்டாப் வரவில்லை, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து

எழுத்தின் நடுவே 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று தெரிந்தால், எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனதில் கோப்பு முறைமை குழம்பியிருக்கிறது. பதற வேண்டாம், கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். லைவ் பென்டிரைவில் தொடங்கி, 'டிஸ்க்ஸ்' மென்பொருளில் மின்ட் இருக்கும் பகிர்வை, அதாவது டிஸ்கின் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, பல்சக்கரப் பட்டியலில் 'ரிப்பேர் ஃபைல்சிஸ்டம்' கொடுங்கள். இதே கோளாறு கரண்ட் போகாமலேயே திரும்பத் திரும்ப வந்தால், மேலே சொன்ன ஸ்மார்ட் எண்களைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

கடவுச்சொல் சரி, ஆனால் லாகின் திரைக்கே திரும்பி வருகிறது

முதல் சந்தேகம், டிஸ்க் நிரம்பிவிட்டது. மின்டில் இதற்கு வழக்கமான காரணம் டைம்ஷிஃப்ட். கணினியின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் அருமையான கருவி அது. ஆனால் எத்தனை பிரதிகள் வைக்க வேண்டும் என்று எல்லை போடாவிட்டால் சின்ன எஸ்எஸ்டியை விழுங்கிவிடும். கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்து, யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப் தட்டி, கிரப் என்ற தொடக்கப் பட்டியலுக்குப் போங்கள். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே ரெக்கவரி மோட், அதில் 'கிளீன்'. உள்ளே நுழையும் அளவு இடம் கிடைத்துவிடும். அதுவும் போதவில்லை என்றால் லைவ் பென்டிரைவிலேயே டைம்ஷிஃப்டைத் திறந்து, உங்கள் டிஸ்கைக் காட்டி, பழைய பிரதிகளை அழிக்கலாம். பிறகு தினப் பிரதி இரண்டு, வாரப் பிரதி ஒன்று என்று குறைத்து வையுங்கள். அப்டேட் மேனேஜரில், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பழைய பதிப்புகளையும் நீக்கினால் இன்னும் இடம் கிடைக்கும்.

மின்ட் காணாமல் போய் விண்டோஸ் நேராகத் திறக்கிறது

விண்டோஸ் மேம்படுத்தலுக்குப் பிறகு பூட் வரிசை மாறியிருக்கும். பயாஸில் 'உபுண்டு' என்ற பெயரை மேலே கொண்டுவாருங்கள். மின்ட் அந்தப் பெயரில்தான் பதிவாகியிருக்கும். அங்கே அப்படி ஒரு பெயரே இல்லை என்றால் லைவ் பென்டிரைவில் உள்ள 'பூட் ரிப்பேர்' அதை மறுபடி எழுதிக்கொடுக்கும். விண்டோஸ் பகிர்வு மின்டில் படிக்க மட்டும் முடிகிறது, எழுத முடியவில்லை என்றால் விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணையுங்கள்.

பிரிண்டர் இருக்கிறது, அச்சாகவில்லை

புதிய நெட்வொர்க் பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவர் கேட்காமலே வந்து நிற்கும். தொல்லை பழைய யூஎஸ்பி லேசர் பிரிண்டர்களில்தான். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் இன்றும் உழைக்கும் ஹெச்பி லேசர்ஜெட் 1020, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தன் ஃபர்ம்வேரைக் கணினியிடமிருந்து வாங்கிக்கொள்ளும் வகை. லினக்ஸுக்கான ஹெச்பியின் ஹெச்பிலிப் மென்பொருளோடு அதன் கூடுதல் பிளக்இன்னையும் போட்டால்தான் அது பேசும்.

தமிழ் சரியாக வரவில்லை

எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை. சாஃப்ட்வேர் மேனேஜரில் நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள்.

தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டும்போது எழுத்து வருகிறது, ஆனால் புள்ளி தானாக விழவில்லை என்பது பலர் சொல்லும் குறை. விசைப்பலகை அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்தால் இப்படித்தான் இருக்கும். அந்த அமைப்பு ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று மட்டுமே அறியும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி விழும் என்ற விதி, முன்னால் தட்டியதை நினைவில் வைத்திருக்கும் மென்பொருளுக்குத்தான் சாத்தியம். அதனால் விசைப்பலகைப் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டு, தட்டச்சு மென்பொருளான ஐபஸும் அதற்கான எம்17என் தொகுப்பும் நிறுவி, அங்கே தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை லாக்அவுட் செய்து வர வேண்டும். இலங்கையில் பழக்கமான ரெங்கநாதன் விசைப்பலகையும் அந்தத் தொகுப்பிலேயே இருக்கிறது.

கடைசியாக, பழைய கணினிகளிலிருந்து மீட்கும் தமிழ்க் கோப்புகள். திறந்தால் ஆங்கில எழுத்துகள், நடுநடுவே நிறைய அரைப்புள்ளிகள் என்று தெரிந்தால் கோப்பு கெடவில்லை. அது பாமினி எழுத்துருவில் தட்டியது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. பாமினி எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம். தேடவும் வேறிடத்தில் ஒட்டவும் வேண்டுமென்றால் இன்று எங்கும் பயன்படும் யூனிகோடு குறியேற்றத்துக்கு மாற்றும் மாற்றி ஒன்றின் வழியாக அனுப்புங்கள். டிஸ்கி, டாப், டாம் என்று வேறு குறியேற்றங்களும் உண்டு. ஒன்றில் குப்பையாக வந்தால் அடுத்ததை முயலுங்கள். மாற்றியதும் ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் சொற்களையும், நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் எண்களையும் கண்ணால் சரிபாருங்கள். மாற்றிகள் அங்கேதான் பெரும்பாலும் தவறுகின்றன. ஊர்ச் சங்கத்தின் மலரோ, தாத்தாவின் கடிதங்களோ, பள்ளிக் கேள்வித்தாள்களோ, வேறெங்கும் பிரதி இல்லாதவை இப்படித்தான் கிடக்கின்றன. மாற்றிய கோப்பைத் தனிப் பெயரில் சேமித்து, மூலக் கோப்பையும் அது கேட்கும் எழுத்துருவையும் ஒரே கோப்புறையில் சேர்த்து வைத்துவிடுங்கள்.